லாரி மேல் பீரங்கி: டாங்கி விளையாட்டுக்கு எது தேறும்?

கம்ப்யூட்டரில் டாங்கி விளையாட்டு ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். சீசர், ஆர்ச்சர், டானா மாதிரி லாரி மேல் ஏற்றிய ஹோவிட்சர்களை, அதாவது குண்டை உயரத் தூக்கி வீசுகிற பீரங்கிகளை, நம் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? 2022-க்கு அப்புறம் இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. உக்ரைனிலிருந்து வந்த வீடியோக்களில் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு லாரி வெளியே வரும், நிற்கும், நாலைந்து குண்டு போடும், மண்ணில் ஊன்றியிருந்த பின்பக்கத் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். பார்க்கும்போதே கை கீபோர்டைத் தேடும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், சண்டை அப்புறம் போடலாம். இன்றைக்கு இருக்கிற டாங்கி விளையாட்டுகளில், குறிப்பாக வார் தண்டரில், இவற்றை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் டானா பிழைத்துக்கொள்ளும், ஆர்ச்சர் தட்டுத்தடுமாறி ஓடும், எல்லோரும் கேட்டுக் கேட்டு ஏங்குகிற சீசர் வந்த வேகத்தில் செத்துப்போகும். இந்த வண்டிகளின் ருசியே நிற்பது, சுடுவது, மூட்டை கட்டுவது, ஓடுவது என்கிற சுற்றில்தான் இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு இப்போதைய மேப்புகளில் இடமே கிடையாது.

லாரியில் பீரங்கி ஓட்டுவது வார் தண்டருக்குப் புதிது ஒன்றும் இல்லை. அங்கே ஒவ்வொரு நாட்டு வண்டிகளுக்கும் தனி வரிசை உண்டு, இத்தாலி வரிசையில் ஆரம்பத்திலேயே லான்சியா 3ரோ லாரி கிடைக்கும். அதன் மேல் 100/17 ஹோவிட்சர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படைக்காக ஸ்கோடா செய்த பழைய பீரங்கி அது, இத்தாலியர்கள் அதை லாரியின் பின்தட்டில் ஏற்றி வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். சோவியத் வரிசையில் யாக்-10 என்ற மூன்று அச்சு லாரி, அதில் 76 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி. பெயருக்குத்தான் விமான எதிர்ப்பு, எடுக்கிறவர்கள் எல்லோரும் டாங்கியை அடிக்கத்தான் எடுக்கிறார்கள்.

இந்த இரண்டையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தால் போதும், நவீன லாரி பீரங்கிக்கு என்ன கதி காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். லான்சியாவில் ஆட்கள் பின்தட்டில் பீரங்கியைச் சுற்றி அப்பட்டமாக நிற்பார்கள். முன்பக்கம் சின்ன கவசத் தகடு உண்டு, பக்கவாட்டில் காற்றுதான். எதிரி டாங்கி பெரிய குண்டை வீணாக்கவே தேவையில்லை, மெஷின் கன்னை ஒரு தடவை இடமிருந்து வலமாக இழுத்துவிட்டால் கதை முடிந்தது. மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனாலும் அதே கதை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். புதருக்குப் பின்னால் நிறுத்தி, எதிரி வரும் சந்துப் பக்கம் குழாயைத் திருப்பி வைத்துக் காத்திருந்து, வருகிற முதல் டாங்கியின் பக்கவாட்டில் அந்த 100 மி.மீ. குண்டைப் போட்டு அது வெடிப்பதைப் பார்க்கிற சுகம் வேறு எந்த டாங்கியிலும் கிடைக்காது. அப்புறம் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அங்கேதான் லாரி என்பது ஞாபகத்துக்கு வரும். ரிவர்ஸ் மெதுவாகத்தான் வரும், திரும்புவதற்கு ஒரு மைதானமே வேண்டும்.

அடுத்த பாடம் எம்109. சங்கிலிச் சக்கர வண்டிதான், லாரி இல்லை, ஆனால் 155 மி.மீ. குண்டு இந்த விளையாட்டில் எப்படி வேலை செய்கிறது என்று அதில்தான் தெரியும். எம்107 வகைக் குண்டின் எடை 43 கிலோ சொச்சம், அதற்குள் இருக்கிற டிஎன்டி மட்டும் கிட்டத்தட்ட 7 கிலோ. கவசத்தைத் துளைக்கிறதா இல்லையா என்கிற கணக்கே வேண்டாம். டாங்கியின் கூரை மேலோ, குழாயைச் சுமந்து சுற்றுகிற டரட்டின் அடியிலோ விழுந்தால் வெடிப்பின் அழுத்தமே உள்ளே இருப்பவர்களை முடித்துவிடும். பட்டால் அவன் காலி, தவறினால் அடுத்த குண்டு ஏறுவதற்குள் நீ காலி. அந்தச் சூதாட்டம் பிடித்தவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எம்109-க்கு இருக்கிற கவசம் மெல்லிய அலுமினியம்தான், ஆனாலும் மூடிய டரட் இருக்கிறது, அது எந்தப் பக்கமும் சுற்றும். இவை இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் சீசர்.

சரி, சீசருக்கு வருவோம். பிரான்ஸில் ஜியா நிறுவனம் உருவாக்கி 1994-இல் முதலில் காட்டிய வண்டி. ஜியா பிறகு நெக்ஸ்டர் ஆகி, இப்போது கேஎன்டிஎஸ். ஆறு சக்கர லாரி, 155 மி.மீ., குழாயின் நீளம் 52 காலிபர், அதாவது அந்த 155 மி.மீ. வாயகலத்தைப் போல 52 மடங்கு, எட்டு மீட்டர். மொத்த எடை 18 டன்னுக்குள் அடங்கும் என்பதால் சி-130 விமானத்திலேயே ஏற்றிவிடலாம். வண்டியில் 18 குண்டுகள், ஐந்து பேர், நிமிடத்துக்கு ஆறு குண்டு. ஆப்கானிஸ்தான், மாலி, இராக் என்று சுற்றிவிட்டு 2022-இல் உக்ரைனுக்குப் போனது. டென்மார்க் தன்னிடமிருந்த எட்டுச் சக்கர சீசர் பத்தொன்பதையும் மொத்தமாக உக்ரைனுக்கே கொடுத்துவிட்டது. இவ்வளவு பேர் வாங்கின வண்டியை நல்லதில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அது சுடுகிற விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். குழாய் ஓட்டுநர் கேபினுக்கு மேலாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி நின்றதும் பின்பக்கம் அகலமான தகடு ஒன்று ஹைட்ராலிக்கில் இறங்கி மண்ணில் ஊன்றிக்கொள்ளும், சுடும்போது வருகிற உதை முழுக்க அதன் வழியாகத் தரைக்குள் போகும். கேபினிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வருவார்கள். ஒருவர் குறிபார்க்கிற இடத்தில், மற்றவர்கள் குண்டை எடுத்துத் தட்டில் வைக்க, இயந்திரம் அதைக் குழாய்க்குள் தள்ளும். அதன் பின்னால் வெடிமருந்துப் பொதிகளை ஒருவர் கையால் செருகுவார். கதவு மூடும், சுடும், லாரியே ஒரு ஆட்டம் ஆடும். இவ்வளவும் திறந்தவெளியில். குழாய் இடதுபக்கம் 17 பாகை, வலதுபக்கம் 17 பாகை, அவ்வளவுதான் திரும்பும். அதற்கு மேல் குறி வேண்டுமென்றால் தகட்டைத் தூக்கி லாரியையே திருப்ப வேண்டும்.

இதை வார் தண்டரின் ஏதாவது ஒரு நகர மேப்பில் வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு இலகு டாங்கி எட்டிப் பார்க்கிறது. உங்கள் குழாய் அந்தப் பக்கம் திரும்பாது. திரும்பினாலும் கேபினுக்கு மேலே இருக்கிற குழாயை எவ்வளவு தாழ்த்த முடியும்? பக்கத்தில் இருப்பவனை அடிக்கிற அளவுக்கு முடியாது. ஓடலாம் என்றால் தகடு இன்னும் மண்ணில். ஓடும்போது ஐந்து பேரும் ஒரே கேபினுக்குள் இருப்பார்கள், அந்தக் கேபின் சிதறல்களுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும்தான் தாங்கும், அதன் மேல் ஒரே ஒரு வெடிகுண்டு விழுந்தால் மொத்தக் குழுவும் ஒரே நொடியில் போய்விடும். நிஜத்தில் சீசர் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்று வேலை பார்க்கிற வண்டி, அதனால் அங்கே இது எதுவும் குறையே இல்லை. அதைக் கொண்டுவந்து எண்ணூறு மீட்டர் சண்டையில் விட்டுவிட்டு 'வீக்காக இருக்கிறது, பலத்தைக் கூட்டி பஃப் கொடுங்கள்' என்று கேட்டால் எப்படி?

இதே வகையில் வருகிற மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். சீனாவின் பிசிஎல்-181, இஸ்ரேலின் ஆட்மோஸ், உக்ரைனின் போக்தானா, ஜப்பானின் டைப் 19, ரஷ்யாவின் மால்வா. லாரி மாறும், குழாய் மாறும், மால்வாவில் 152 மி.மீ., மற்றவற்றில் 155. ஆனால் விளையாட்டுக் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். சுடுகிற பகுதி திறந்து கிடக்கும், நின்று ஊன்றிய பிறகுதான் சுடும். போக்தானாவுக்கு மட்டும் கதை பலம் அதிகம். 2018-இல் முதலில் காட்டிய வண்டி, 2022-இல் கருங்கடலின் பாம்புத் தீவு மேல் குண்டு போட்டுப் பெயர் வாங்கியது. ஒரு தனி மிஷனாக வைத்தால் நானே முதல் ஆளாக ஆடுவேன். தினசரி மேட்சுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு ஓரக் குறிப்பு. வரிசையில் எங்கே வைப்பது என்கிற பிரச்சினை சீசருக்கு இல்லை. பிரான்ஸ் வரிசை இருக்கிறது, ஜப்பான் வரிசையில் தாய்லாந்து வண்டிகளும் சேர்ந்திருக்கின்றன, தாய்லாந்திடம் சீசரும் உண்டு, ஆட்மோஸும் உண்டு. பிரிட்டன் வரிசையில் இந்தியாவின் டி-90 பீஷ்மா டாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு நம் ஊர் ஆட்கள் லாரி பீரங்கியும் வரும் என்று கனவு காண்கிறார்கள். இந்தியப் படைக்கு 814 லாரி பீரங்கிகள் வாங்க 2014-இலேயே பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் குழு ஒப்புதல் கொடுத்தாயிற்று. உள்நாட்டிலேயே உருவாக்கின அட்டாக்ஸ் பீரங்கியை எட்டுச் சக்கர லாரியில் ஏற்றின வண்டியும் கண்காட்சிகளில் வந்துபோகிறது. அதுவும் சீசர் குடும்பம்தான், அதனால் மேலே சொன்ன எல்லாக் குறையும் அதற்கும் பொருந்தும். கொடி பார்த்து மதிப்பெண் போட முடியாது.

இப்போது ஆர்ச்சர். எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஸ்வீடனின் போஃபர்ஸ் வேலை. வோல்வோ ஏ30டி என்கிற ஆறு சக்கர வண்டியின் மேல் கட்டியது. அந்த வோல்வோ சுரங்கத்திலும் சாலை வேலையிலும் மண் சுமக்கிற டம்பர். முன்பாதியும் பின்பாதியும் நடுவில் ஒரு மூட்டில் சேர்ந்திருக்கும், ஸ்டியரிங் பிடித்தால் சக்கரம் மட்டும் திரும்பாது, வண்டியே இடுப்பை ஒடித்துத் திரும்பும். விளையாட்டில் இப்படி ஓட்டுகிற வண்டிகள் எத்தனை இருக்கின்றன? ஓட்டுவதற்கே தனியாகப் பழக வேண்டியிருக்கும், சேற்றில் மற்ற சக்கர வண்டிகள் திணறும் இடத்தில் இது போய்க்கொண்டே இருக்கும். பனி மூடிய மேப்பில் காட்டுப்பாதையில் இதை ஓட்டிப் போவதை நினைத்தாலே போதும்.

சுடுவதும் அப்படித்தான். மூன்று நாலு பேர் போதும், யாரும் கேபினை விட்டு இறங்கவே வேண்டாம். குண்டை எடுப்பது, ஏற்றுவது, குறிவைப்பது எல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பெட்டகத்தில் 21 குண்டு. நின்ற அரை நிமிடத்துக்குள் முதல் குண்டு கிளம்பிவிடும், மூன்று குண்டை 15 நொடியில் தள்ளும், திரும்ப மூடிக்கொண்டு ஓட இன்னொரு அரை நிமிடம். கேபின் மேலே தூரத்திலிருந்து இயக்குகிற மெஷின் கன் வேறு, அதனால் பக்கத்தில் வருகிறவனுக்கு ஒன்றிரண்டு பதில் சொல்லலாம். இரண்டு கிலோமீட்டர் வரை நேராகக் குறிவைத்துச் சுடவும் வசதி உண்டு. டாங்கி விளையாட்டுக்கு இது பெரிய விஷயம்.

பிரச்சினை எங்கே என்றால், இதன் வேகத்தை எப்படிச் சமன் செய்வது? ஸ்வீடன் வரிசையில் ஏற்கெனவே பேண்ட்கானான் இருக்கிறது. 14 குண்டுப் பெட்டகத்தோடு வருகிற சங்கிலிச் சக்கர பூதம் அது, மளமளவென்று அத்தனையையும் துப்பிவிட்டு அப்புறம் வெகுநேரம் சும்மா நிற்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் அதை நியாயமாக்குகிறது. ஆர்ச்சருக்கும் இதே வைத்தியத்தைக் கொடுக்கலாம். 21 குண்டும் தீர்ந்தால் பின்னால் போய், குண்டு வண்டியிடம் நின்று நிரப்பிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்று வைத்தால் போதும், நிஜத்திலும் அப்படித்தான் நடக்கிறது. கேபினுக்குக் கண்ணிவெடி, சிதறல் இவற்றைத் தாங்கும் கவசம் இருக்கிறது, டாங்கிக் குண்டுக்கு அது காகிதம்தான். ஆக, மறைந்து இருந்து அடித்தால் ராஜா, மாட்டினால் முடிந்தது. ஒரு விளையாட்டு வண்டிக்கு இதைவிட நல்ல குணம் என்ன வேண்டும்? ஒரு வருத்தம், அரை நிமிடம் என்பது டாங்கிச் சண்டையில் ஒரு யுகம். மேப்பின் பாதியைக் கடந்து எதிரி உங்கள் முகத்தில் நிற்பான். அதனால்தான் தட்டுத்தடுமாறி ஓடும் என்றேன்.

2023-இல் பிரிட்டன் தன் ஏஎஸ்-90 பீரங்கிகளை உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு இடைக்கால ஏற்பாடாக 14 ஆர்ச்சர் வாங்கியது. ஆக பிரிட்டன் வரிசைக்கும் இதைக் கொடுக்கலாம். ஸ்வீடன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

டானாதான் யாரும் எதிர்பார்க்காத பந்தயக் குதிரை. செக்கோஸ்லோவாக்கியா 1970-களில் உருவாக்கிய வண்டி, எட்டுச் சக்கர டாட்ரா 815 லாரி, 152 மி.மீ. பீரங்கி. குண்டு போகும் தூரத்தைப் பார்த்தால் சீசர் முன்னால் தலைகுனிய வேண்டும், சாதாரணக் குண்டுக்கு 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் விளையாட்டில் அந்த எண்ணை யார் கேட்டார்கள்? பார்க்க வேண்டியது அதன் உடம்பை.

முன்னால் ஒரு கேபின், அதில் ஓட்டுநரும் தளபதியும். நடுவில் டரட். கடைசியில் எஞ்சின். அந்த டரட்டும் ஒரே பெட்டி இல்லை, இடது வலது என்று இரண்டு தனி அறை, நடுவில் இருக்கிற இடைவெளியில் பீரங்கி வெளியே திறந்து நிற்கும். குறிபார்ப்பவர் ஒரு பக்கம், குண்டு பார்த்துக்கொள்பவர் மறு பக்கம். சுட்ட புகை ஆட்கள் இருக்கிற இடத்துக்குள் வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். வார் தண்டரின் சேதக் கணக்குக்கு இது அப்படியே வரப்பிரசாதம். கேபினில் அடித்தால் இரண்டு பேர் போவார்கள், மீதிப் பேர் வேறு அறையில் உயிரோடு இருப்பார்கள், வண்டி நகராது என்றாலும் திருப்பிச் சுடும். எஞ்சினில் அடித்தால் ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரே குண்டில் எல்லோரையும் அள்ளுவது அவ்வளவு சுலபமில்லை. சுற்றிலும் மெல்லிய எஃகுக் கவசம், மெஷின் கன்னை இழுத்து ஓட்டினவனுக்கு இங்கே பப்பு வேகாது, பெரிய காலிபர் வந்தால் வேறு கதை.

அப்புறம் டரட் சுற்றும், இரண்டு பக்கமும் 225 பாகை வரைக்கும். குழாயை மைனஸ் 4 பாகை வரை தாழ்த்தலாம். நேரடிக் குறிபார்க்கும் கண்ணாடி தனியாக இருக்கிறது. தானியங்கி ஏற்றம், அதுவும் குழாய் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வேலை செய்யும். அந்தக் காலத்திலேயே இதைச் செய்துவிட்டார்கள் என்பதை யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது, இன்றைக்கு விற்கிற பல லாரி பீரங்கிகளில் இன்னும் கையால்தான் மருந்து செருகுகிறார்கள். ஊன்றுகோல் விவகாரம் இதற்கும் உண்டு, ஹைட்ராலிக் ஜாக்குகளை இறக்கிவிட்டுத்தான் முறைப்படி சுட வேண்டும். விளையாட்டில் ஜாக் இறக்காமல் சுட்டால் வண்டி கண்டபடி ஆடி அடுத்த குறி சிதற வேண்டும், இறக்கினால் குறி கச்சிதமாக நிற்க வேண்டும், ஆனால் ஓட முடியாது. இந்த ஒரு தேர்வை ஆடுகிறவன் கையில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கட்டாயமாக இறக்கினால்தான் சுடும் என்று பூட்டிவிட்டால் சலிப்புதான் மிஞ்சும்.

எந்த வரிசையில் வைப்பது? செக் வரிசை தனியாக இல்லை. ஆனால் சோவியத் படையும் டானாவைக் கொஞ்சம் வாங்கியிருக்கிறது, அந்தச் சாக்கு போதும். வார்கேம்: ரெட் டிராகன் ஆடியவர்களுக்கு டானா பழைய நண்பன். அங்கே மேலே இருந்து மொத்தப் படையையும் நகர்த்துகிற ஆட்டம், டானாவைச் சாலையில் வேகமாக நகர்த்தி, நாலு குண்டு போட்டு, எதிரியின் பதில் குண்டு விழுவதற்குள் வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் வேலை. லாரி பீரங்கியின் உயிர்நாடியை இதுவரை சரியாகப் பிடித்த விளையாட்டு என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார முடியாது என்பது ஒன்றுதான் குறை.

டானாவின் பேரன் ஜுசானா 2. 155 மி.மீ., 52 காலிபர், 41 கிலோமீட்டர் வரை அடிக்கும், டரட் அதேபோல் மூடியது. உயர்ந்த ரேங்க்குக்கு, அதாவது வரிசையின் மேல்படிக்கு, இதையே வைத்துவிடலாம். ஜெர்மனியின் ஆர்சிஹெச் 155-ஐயும் பலர் கேட்கிறார்கள். பாக்ஸர் வண்டியின் மேல் ஆள் இல்லாத டரட், ஓடிக்கொண்டே சுடும் என்பது அதன் பெருமை. லாரி என்று அதைச் சொல்ல முடியாது, அது போகட்டும். மொத்தமே இரண்டு பேர் ஓட்டுகிற வண்டி. ஒருவர் விழுந்தாலே ஆட்டம் முடிந்த மாதிரிதான். காகிதத்தில் ராட்சசன், மேட்சில் ஒரே அடிக்கு விழுகிற ஆள். தென்னாப்பிரிக்காவின் ஜி6 இதற்கு நேர் எதிர், 47 டன், ஆறு பேர், மூடிய டரட், கண்ணிவெடி தாங்கும் அடிப்பாகம். ஆனால் அதுவும் லாரியில் ஏற்றியது இல்லை, பீரங்கிக்காகவே செய்த உடம்பு, அதனால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

சரி, சீசருக்கு நியாயம் செய்ய என்னதான் வழி? தனி மோடு ஒன்று வேண்டும். முடியாது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதே வார் தண்டரில் கப்பல் சண்டை 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறது. குண்டு பறக்கிற நேரம், தூரம் அளப்பது, விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்துவது எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியதுதான். உயர் ரேங்க் இலகு வண்டிகளிடம் உளவு டிரோன் வேறு இருக்கிறது. டிரோன் காட்டுகிறது, லாரி சுடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம்.

ஆனால் மேலிருந்து பார்த்துக் கிளிக் செய்கிற முறை மட்டும் வேண்டவே வேண்டாம். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் பீரங்கியை அப்படித்தான் வைத்தது. ஆகாயத்திலிருந்து மேப்பைப் பார்த்து வட்டத்தை நகர்த்திச் சுடுவது. சுடுகிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும், அடி வாங்குகிறவனுக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. விளையாட்டு உலகத்தில் இவ்வளவு திட்டு வாங்கின வண்டி வகை வேறு இல்லை. 2017-இல் சேதத்தைக் குறைத்து, மயக்க நிலையைச் சேர்த்து, ஒரு அணிக்கு மூன்றுதான் என்று கட்டுப்பாடும் போட்டார்கள், திட்டு நிற்கவில்லை. பேட்டில்ஃபீல்ட் 1 விளையாட்டில் வந்த ஆர்ட்டிலரி டிரக்கும் இதே பாவத்தைச் செய்தது. மேப்பின் ஓரத்தில் ஒரு மேட்டின் மேல் நிறுத்திக்கொண்டு மேட்ச் முழுக்க அங்கேயே இருக்கிறவர்கள், அணி தோற்றாலும் தன் கில் கணக்கு ஏறினால் போதும் என்று. வண்டி மேல் தப்பில்லை. ஒரே இடத்தில் நிற்பதற்கு எந்தத் தண்டனையும் இல்லாததால் எல்லோரும் நின்றார்கள்.

நிஜப் போர்க்களத்தில் அந்தத் தண்டனை இருக்கிறது. சுட்ட குண்டு ஆகாயத்தில் பறக்கும்போதே ரேடார் அதைப் பிடித்து, பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடும். அமெரிக்காவின் ஃபயர்ஃபைண்டர், ஸ்வீடனின் ஆர்தர், இந்தியாவின் ஸ்வாதி எல்லாம் இந்த வேலைக்குத்தான். லாரி பீரங்கி என்ற வகை இன்று இவ்வளவு விற்பதற்கு ஒரு பெரிய காரணமே இந்த ரேடார்தான். இதை விளையாட்டில் வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறை சுடும்போதும் எதிரி அணியின் மேப்பில் ஒரு வட்டம் விழட்டும். முதல் குண்டுக்குப் பெரிய வட்டம், இரண்டாவதுக்குக் கொஞ்சம் சிறியது, நாலாவது குண்டில் கிட்டத்தட்ட உங்கள் லாரியின் மேலேயே. இப்போது பாருங்கள் வேடிக்கையை, இன்னும் ஒரு குண்டு போடலாமா, தகட்டைத் தூக்கலாமா என்று கை நடுங்கும். சீசரின் தகடு ஏறுகிற அந்தச் சில நொடிகள் மொத்த விளையாட்டிலேயே நீளமான நொடிகளாக இருக்கும். ஒரே இடத்தில் கேம்ப் அடிப்பவன் தானாகச் சாவான், யாரும் ரிப்போர்ட் செய்ய வேண்டாம்.

அதோடு மருந்துப் பொதிகளின் எண்ணிக்கையை ஆடுகிறவனே தேர்ந்தெடுக்கிற மாதிரி வையுங்கள். குறைந்த மருந்து போட்டுக் குழாயை உயரத் தூக்கினால் குண்டு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழும், ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாயத்திலேயே இருக்கும். கூடுதல் மருந்து போட்டுத் தாழ்வாக அடித்தால் சீக்கிரம் போகும், நடுவில் மலை இருந்தால் போச்சு. முதலில் ஒரு குண்டை உயரமாகவும், அடுத்ததைக் கொஞ்சம் தாழ்வாகவும், மூன்றாவதை இன்னும் தாழ்வாகவும் சுட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய் விழும். ஆர்ச்சர் இப்படி ஆறு குண்டு வரை சேர்த்து விழவைக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதை இயந்திரம் செய்யாமல் நம் கணக்கில் செய்ய விட்டால், பழகினவனுக்கும் புதியவனுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு வித்தைக்காகவே ஒரு கூட்டம் மாதக்கணக்கில் பயிற்சி மேப்பில் உட்கார்ந்திருக்கும்.

வேண்டாம் என்று நான் சொல்வது 'போனஸ்' என்கிற பெயருள்ள குண்டு. ஸ்வீடனும் பிரான்ஸும் சேர்ந்து செய்தது, ஆகாயத்தில் இரண்டு துண்டாகப் பிரிந்து, கீழே கவச வண்டியைத் தானாகத் தேடிக் கூரையில் அடிக்கும். சீசரும் சுடும், ஆர்ச்சரும் சுடும். இதை உள்ளே விட்டால் கணக்கு, மருந்து, கோணம் எதற்கும் மரியாதை இருக்காது. பட்டனை அமுக்கினால் டாங்கி சாகும். பிரீமியம் கடையில் விற்கத் தோதான குண்டு என்பதால் ஒரு நாள் வந்தாலும் வரும், அன்றைக்குத் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

அர்மா 3 என்கிற ராணுவ விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் சிலர் விட மாட்டார்கள். ஆல்டிஸ் மாதிரி பெரிய தீவு, 270 சதுர கிலோமீட்டர், தூரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பீரங்கிக் கம்ப்யூட்டரைத் திறந்து மேப்பில் கிளிக் செய்தால் கதை முடிந்துவிடுகிறது, வண்டியை ஓட்டின அனுபவமே வராது. அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கையால் கணக்குப் போட்டு ஆடுகிற குழுக்களோடு சேர்ந்தால் மட்டும் வேறு லெவல், ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்க வேண்டும், வீட்டில் உதை விழும்.

டெவலப்பர்கள் இதில் எதையும் செய்யப் போவதில்லை, சின்னதாக ஒன்றுதான் கொடுப்பார்கள் என்றால் என் ஓட்டு 105 மி.மீ. ஹாக்ஐக்கு. ஹம்வீ என்கிற அமெரிக்க ராணுவ ஜீப் மேல் ஏற்றின ஹோவிட்சர், அமெரிக்க வரிசையில் அழகாக உட்காரும். உதையைக் குறைக்கிற தனி ஏற்பாடு அதில் இருப்பதால்தான் அவ்வளவு சின்ன வண்டி அந்தப் பீரங்கியைத் தாங்குகிறது. சந்துக்குள் நுழையும், புதருக்குப் பின்னால் ஒளியும், குண்டும் 155 அளவுக்கு அநியாயம் பண்ணாது. ஆட்கள் வெளியே நின்றுதான் சுட வேண்டும், லான்சியாவில் பழகினவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. நடு ரேங்க்கில், குறைந்த ஸ்பான் பாயின்டில், அதாவது களத்தில் இறக்கக் கொடுக்கிற புள்ளியில், கிடைத்தால் இரண்டாவது வண்டியாக எப்போதும் லைன்அப்பில் வைத்திருப்பேன். அது வரும்வரை இத்தாலி வரிசையில் லான்சியாவை எடுத்து ஓட்டிக்கொண்டிருங்கள், பெரிதாக ஆடி ஆடிச் சேர்க்கிற கிரைண்டும் தேவையில்லை, சீக்கிரமே கிடைத்துவிடும்.